தண்டுவட நியூரானை அடக்கும் குளோரைடு கால்வாய்கள்: கிளைசீன், காபா ஏற்பிகள் செயல்படும் விதம்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். நியூரான்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான கிளைசீனும் காபாவும் தண்டுவட நியூரான்களின் சவ்வில் திறப்பது ஒரே கால்வாயையா, வெவ்வேறு கால்வாய்களையா என்பது ஒன்று. குளோரைடு அயனிக்கு வழி திறந்துவிட்டால் நியூரான் ஏன் அடங்க வேண்டும் என்பது இரண்டாவது. அதே காபா சில இடங்களில் நியூரானின் மின்னழுத்தத்தைத் தூண்டும் திசையில் நகர்த்துவதாகப் படித்தேன், அது எப்படிப் பொருந்தும் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் அடியில் ஓடும் செய்தி ஒன்றுதான். "அடக்கு" என்ற கட்டளை கால்வாய்க்குள் எங்கும் இல்லை. கால்வாய் குளோரைடுக்கு வழி விடுகிறது, அவ்வளவே. அந்த வழியாக எந்தத் திசையில் எவ்வளவு அயனி போகும் என்பதைச் சவ்வின் இரு புறத்திலும் உள்ள குளோரைடின் செறிவும், அந்த நேரத்தில் சவ்வில் நிலவும் மின்னழுத்தமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வேதிப்பொருளை ஏற்றுத் திறக்கும் இந்தக் கால்வாய்ப் புரதத்தைப் பாடநூல்கள் "தடுப்பு ஏற்பி" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதால், விஷயத்தின் சரிபாதி மாணவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பது என் கருத்து.

முதலில், தண்டுவடத்தில் அடக்குதல் எதற்குத் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாணை மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டும்போது, தொடையின் முன்பக்கத் தசை நீட்சியடைகிறது. அந்தச் செய்தியைக் கொண்டுவரும் உணர்வு நரம்பிழை தண்டுவடத்துக்குள் நுழைந்து, அதே தசையின் இயக்க நியூரானை நேரடியாகத் தூண்டுகிறது. கால் முன்னே உதறுகிறது. ஆனால் அதே வேளையில் தொடையின் பின்பக்கத் தசையும் சுருங்கினால் கால் எந்தப் பக்கமும் அசையாமல் விறைத்து நிற்கும். ஆகவே அதே உணர்வு நரம்பிழையின் கிளை ஒன்று, நியூரான்களுக்கு நடுவே நின்று செய்தி கடத்தும் ஓர் இடைநியூரானைத் தூண்ட, அந்த இடைநியூரான் பின்பக்கத் தசையின் இயக்க நியூரான் மீது கிளைசீனைச் சுரந்து அதை அடக்குகிறது. எதிரெதிர்த் தசைகளில் ஒன்று சுருங்கும்போது மற்றொன்று தளரும் இந்த ஒழுங்கை உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இதைத் தவிர, இயக்க நியூரானின் சொந்தக் கிளையே ரென்ஷா செல் எனப்படும் இடைநியூரானைத் தூண்டி, அதன் வழியாகத் தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. வலி, தொடு உணர்வு ஆகியவை வந்து சேரும் தண்டுவடத்தின் பின்கொம்பிலும் கிளைசீனும் காபாவும்தான் காவல் வேலையைச் செய்கின்றன.

இயக்க நியூரானுக்குள் மின்முனையைச் செலுத்தி இந்த அடக்குதலை நேரடியாகப் பதிவு செய்தது 1951இல், நியூசிலாந்தின் டுனெடின் நகரில். ஜான் எக்கிள்ஸ், புரோக், கூம்ப்ஸ் ஆகியோர் பூனையின் தண்டுவடத்தில் அந்தச் சோதனையைச் செய்தார்கள். நியூரானிலிருந்து நியூரானுக்குச் செய்தி கடப்பது வேதிப்பொருளால் அல்ல, மின்னோட்டத்தால்தான் என்று அதுவரை உறுதியாக வாதிட்டவர் எக்கிள்ஸ். தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர், கருதுகோளைத் தவறென்று நிரூபிக்கத்தக்க அளவுக்குக் கூர்மையாக வடிக்கும்படி அவரை ஊக்கியிருந்தார். மின்னோட்டக் கருதுகோள் சரியென்றால் அடக்குதலின்போது நியூரானின் உட்புற எதிர்மின்னழுத்தம் கூடக் கூடாது. சோதனையில் அது கூடியது. எக்கிள்ஸ் தம் கருதுகோளைக் கைவிட்டு, வேதிக் கடத்தலை ஏற்றுக்கொண்டார். அறிவியல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வுகளில் இது ஒன்று.

அடுத்த சோதனை உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை. கான்பெராவில் கூம்ப்ஸ், எக்கிள்ஸ், ஃபாட் ஆகிய மூவரும் 1955இல் வெளியிட்ட ஆய்வில், இரட்டைக் குழல் கொண்ட நுண்மின்முனையால் இயக்க நியூரானுக்குள் குளோரைடு அயனிகளைச் செலுத்தினார்கள். அதற்கு முன்பு, அடக்கும் நரம்பைத் தூண்டியபோதெல்லாம் நியூரானின் உட்புறம் மேலும் எதிர்மின்தன்மை அடைந்தது. குளோரைடைச் செலுத்திய பிறகு அதே நரம்பை அதே வலிமையில் தூண்டினால், பதிவில் தெரிந்த அலை தலைகீழாகத் திரும்பி, தூண்டும் திசையில் எழுந்தது. நரம்பு மாறவில்லை, அது சுரந்த வேதிப்பொருள் மாறவில்லை, ஏற்பியும் மாறவில்லை. உள்ளே இருந்த குளோரைடின் செறிவு மட்டுமே மாறியது.

இதை எண்களில் பார்த்தால் தெளிவாகும். நியூரானுக்கு வெளியே குளோரைடு 120 மில்லிமோலார், உள்ளே 6 மில்லிமோலார் என்று வைத்துக்கொள்வோம். 37 பாகை செல்சியஸில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி, குளோரைடு உள்ளேயும் வெளியேயும் சம அளவில் போய்வரும் சமநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ −80 மில்லிவோல்ட். நியூரான் ஓய்வில் −70இல் இருக்கிறது. கால்வாய் திறந்தால் குளோரைடு உள்ளே நுழைந்து, சவ்வை −80ஐ நோக்கி இழுக்கும். நியூரான் செய்தியாக அனுப்பும் மின்துடிப்பு, அதாவது செயல் மின்னழுத்தம், பிறக்க வேண்டிய வாசல் எல்லையோ −55க்கு அருகில் எங்கோ இருக்கிறது. அதிலிருந்து நியூரான் இன்னும் விலகிப்போகிறது. இப்போது உள்ளிருக்கும் குளோரைடை 12 மில்லிமோலாராக இரட்டித்துப் பாருங்கள்: சமநிலை −61.5க்கு வந்துவிடும். ஓய்வில் இருக்கும் நியூரானில் கால்வாய் திறந்தால் இம்முறை குளோரைடு வெளியேறும், சவ்வு −61.5ஐ நோக்கி மேலே ஏறும். 30 மில்லிமோலார் ஆகிவிட்டால் சமநிலை −37. அது வாசல் எல்லையையே தாண்டிவிட்டது. உள்ளே குளோரைடு வெறும் 6 மில்லிமோலார்தான் என்பதால், சிறிய கூட்டல்கூட விகிதத்தைப் பெரிதாக மாற்றிவிடுகிறது. சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சமநிலைகள் இவ்வளவு எளிதில் நகர்வதில்லை.

மேற்சொன்னதிலிருந்து, எதிர்மின்னழுத்தம் கூடினால்தான் அடக்குதல் நிகழும் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். குளோரைடின் சமநிலையும் ஓய்வு மின்னழுத்தமும் இரண்டுமே −70 என்று கொள்வோம். கால்வாய் திறந்தாலும் மின்னழுத்தம் அசையாது; பதிவுக் கருவியில் நேர்க்கோடுதான் தெரியும். ஆனாலும் நியூரான் அடக்கப்பட்டுதான் இருக்கிறது. எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நியூரானின் ஓய்வுக் கடத்துதிறன், அதாவது ஓய்வில் சவ்வு மின்னோட்டத்தை விடும் திறன், 10 நானோசீமென்ஸ். ஒரு தூண்டும் இணைப்பு 1 நானோசீமென்ஸ் அளவுக்குத் திறக்கிறது, அதன் சமநிலை பூஜ்யம் மில்லிவோல்ட். நிலைத்த நிலையில் சவ்வு −63.6க்கு உயரும், அதாவது 6.4 மில்லிவோல்ட் எழுச்சி. இப்போது கூடவே 10 நானோசீமென்ஸ் அளவுக்குக் குளோரைடு கால்வாய்களும் திறந்திருந்தால், அதே தூண்டல் சவ்வை −66.7 வரை மட்டுமே உயர்த்தும், எழுச்சி 3.3 மில்லிவோல்ட். தானாக எந்த மின்னோட்டத்தையும் உண்டாக்காத ஒரு கால்வாய், தூண்டலின் பயனைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டது. தூண்டும் மின்னோட்டம் உள்ளே வந்தவுடன் குளோரைடு கால்வாய்கள் வழியாக ஒழுகிப்போகிறது என்று இதைச் சொல்லலாம். இவ்வகைக் கசிவு அடக்குதல், கால்வாய்கள் திறந்திருக்கும் சில மில்லிவினாடிகள் மட்டுமே நீடிக்கும். அவை செல்லுடலிலோ, தூண்டும் இணைப்புக்கும் செயல் மின்னழுத்தம் பிறக்கும் இடத்துக்கும் நடுவிலோ இருந்தால் மிகவும் வலிமையாக இருக்கும்.

இனி கால்வாய்களுக்கு வருகிறேன். கிளைசீனும் காபாவும் திறப்பவை வெவ்வேறு புரதங்கள். ஆனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவினர்கள். இதைக் கண்ணால் காணும் வாய்ப்பைத் தந்தது, எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் உருவாக்கிய பேட்ச் கிளாம்ப் முறை. சுண்டெலிக் கருவின் தண்டுவடத்திலிருந்து எடுத்து வளர்த்த நியூரான் மீது, முனை ஒரு மைக்ரோமீட்டர் அளவே உள்ள கண்ணாடிப் பிப்பெட்டை ஒட்டி, சவ்வின் சிறு துண்டைப் பெயர்த்தெடுக்கிறார்கள். அந்தத் துண்டின் வெளிப்புறத்தில் சில மைக்ரோமோலார் கிளைசீனைச் சேர்த்தால், அதுவரை நேராக ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டப் பதிவின் கோடு திடீரென்று செங்குத்தாகக் கீழே இறங்கி, சில மில்லிவினாடிகள் அங்கேயே நின்று, மறுபடியும் செங்குத்தாக மேலே திரும்பும். ஒவ்வொரு படியும் ஒரே ஒரு கால்வாய் மூலக்கூறு திறந்து மூடுவது. இருபுறமும் ஒரே செறிவில் குளோரைடு வைத்து −70 மில்லிவோல்ட்டில் அளந்தால், கிளைசீன் கால்வாயின் படி ஏறத்தாழ 3.2 பிகோஆம்பியர் உயரம் இருக்கும். கடத்துதிறன் 46 பிகோசீமென்ஸ் என்பது இதிலிருந்து வருகிறது. காபா கால்வாயின் முதன்மைப் படி 30 பிகோசீமென்ஸ்.

போர்மன், ஹாமில், சாக்மன் ஆகியோர் இந்த நியூரான்களில் செய்து 1987இல் வெளியிட்ட அளவீடுகளை இன்றும் இத்துறையினர் அடிப்படையாகக் கொள்கிறார்கள். ஒரே கால்வாய் முழுவதும் திறந்த நிலை ஒன்றில் மட்டும் நிற்காமல், பாதி திறந்தது போன்ற பல படிநிலைகளில் நிற்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். கிளைசீன் கால்வாயின் படிநிலைகளிலும் காபா கால்வாயின் படிநிலைகளிலும் சில எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எந்தப் படியில் அதிக நேரம் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. பெரிய அயனிகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து, துளையின் மிகக் குறுகிய இடத்தின் விட்டம் கிளைசீன் கால்வாயில் சுமார் 0.52 நானோமீட்டர், காபா கால்வாயில் சுமார் 0.56 நானோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். துளை ஏறக்குறைய ஒன்றுதான், கதவுதான் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தக் காலத்தில் இல்லை.

அதே ஆய்வில் முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும் முடிவு ஒன்றும் உண்டு. எந்த அயனி கால்வாய்க்குள் எளிதில் நுழைகிறது என்று வரிசைப்படுத்தினால் தயோசயனேட், அயோடைடு, புரோமைடு, குளோரைடு, ஃபுளூரைடு என்று வருகிறது. ஆனால் ஒவ்வோர் அயனியும் தனித்து எவ்வளவு மின்னோட்டத்தைக் கடத்துகிறது என்று அளந்தால், குளோரைடு முதலில் நிற்கிறது. தயோசயனேட் பின்னுக்குப் போய்விடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகளின் உறையை எளிதில் கழற்றிவிடும் பெரிய அயனிகள் துளைக்குள் சுலபமாக நுழைகின்றன. ஆனால் உள்ளே இருக்கும் பிணைப்பிடங்களில் அதிக நேரம் ஒட்டிக்கொண்டு, வெளியேறத் தாமதிக்கின்றன. குளோரைடு நடுத்தரம்: தேவையான அளவுக்கு ஒட்டுகிறது, உடனே விடுபடுகிறது. குளோரைடையும் தயோசயனேட்டையும் கலந்து வைத்தால் மின்னோட்டம் இரண்டின் தனித்தனி அளவுகளையும்விடக் குறைவாக இருந்தது. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அயனிகள் துளைக்குள் இருக்க முடியும் என்பதே அதன் பொருள். இதே 46 பிகோசீமென்ஸ் கடத்துதிறனில் 10 மில்லிவோல்ட் உந்துவிசை (சவ்வின் மின்னழுத்தத்துக்கும் குளோரைடின் சமநிலைக்கும் உள்ள இடைவெளி) மட்டுமே இருந்தாலும், திறந்திருக்கும் ஒரு கிளைசீன் கால்வாய் வழியாக ஒரு மில்லிவினாடியில் ஏறத்தாழ 2,900 குளோரைடு அயனிகள் கடந்துபோகும்.

குளோரைடு மட்டும்தான் கடக்கிறது என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. பைகார்பனேட்டும் இந்தத் துளைகள் வழியே போகும். குளோரைடுடன் ஒப்பிட்டால் அதன் ஊடுருவல் கிளைசீன் கால்வாயில் சுமார் 0.11 பங்கு, காபா கால்வாயில் 0.18 பங்கு. பைகார்பனேட்டின் சமநிலை மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதால் அது எப்போதும் வெளியேறும் திசையில்தான் ஓடுகிறது. சாதாரண நேரங்களில் இதன் விளைவு சிறியது. ஆனால் கால்வாய்கள் நெடுநேரம் திறந்தே இருந்து, உள்ளே குளோரைடு சேர்ந்துவிட்டால், பைகார்பனேட்டின் பங்கு மேலோங்கி, அடக்கும் சமிக்ஞை தூண்டும் திசைக்குச் சாயக்கூடும்.

கட்டமைப்பைப் பொறுத்தவரை, இரண்டு ஏற்பிகளும் ஐந்து துணையலகுகள் வட்டமாக நின்று நடுவில் துளையை விட்டு அமைந்தவை. ஒவ்வொரு துணையலகும் சவ்வை நான்கு முறை குறுக்கே கடக்கிறது. அப்படிக் கடக்கும் நான்கு சுருள்களில் இரண்டாவது சுருள் துளையின் சுவராகிறது. தசையில் அசிடைல்கோலினை ஏற்கும் கால்வாயும் இதே குடும்பம்தான், ஆனால் அது நேர்மின் அயனிகளை விடுகிறது. எந்த மின்னேற்றம் நுழையலாம் என்பதைத் தீர்மானிப்பது துளையின் உட்பக்க முனையில் உள்ள ஒரு சில அமினோ அமிலங்கள் மட்டுமே. அவற்றை மாற்றினால், கிளைசீன் ஏற்பியையே நேர்மின் அயனிகளை விடும் கால்வாயாக மாற்றிவிட முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அப்படி மாற்றினால் கிளைசீன் தூண்டும் வேதிப்பொருளாகிவிடும்.

கிளைசீன் ஏற்பியைப் புரதமாகப் பிரித்தெடுத்த கதையில் நம் மண்ணின் மரம் ஒன்று வருகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் எட்டி மரத்தின் வட்டமான, தட்டையான விதையில் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நச்சு இருக்கிறது. அதை 1818இல் பாரிஸில் பெல்லெட்டியே, கவாந்து ஆகிய இருவரும் தனித்துப் பிரித்தார்கள். இந்த நச்சு கிளைசீன் ஏற்பியில் கிளைசீன் அமர வேண்டிய இடத்திலேயே, அதைவிடப் பன்மடங்கு இறுக்கமாக அமர்ந்துகொள்கிறது. அந்த இறுக்கத்தையே கருவியாக்கி, ஸ்ட்ரிக்னைனின் வழிப்பொருளைப் பிணைத்த நிரலில் எலியின் தண்டுவடச் சாற்றை ஊற்றி, ஒட்டிக்கொண்ட ஏற்பியைப் பிரித்தெடுத்தது ஹைன்ரிக் பெட்ஸ் குழு, ஆண்டு 1982. நியூரான்களுக்கு இடையிலான கடத்தலில் ஈடுபடும் ஏற்பிகளில் மிக முன்னதாகத் தூய்மைப்படுத்தப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. அதில் கிடைத்தவை ஆல்ஃபா, பீட்டா என்ற இரு துணையலகுகளும், கூடவே ஒட்டிவந்த கெஃபிரின் என்ற பெரிய புரதமும்.

2015இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் எடுத்த வரிக்குதிரை மீனின் கிளைசீன் ஏற்பிப் படங்கள், நச்சின் வேலையை அணு அளவில் காட்டின. கிளைசீன் அமரும் இடம் சவ்வுக்கு வெளியே, அடுத்தடுத்த இரு துணையலகுகளின் சந்திப்பில் இருக்கிறது. சிறிய கிளைசீன் அமர்ந்ததும் அந்த இடத்தை மூடும் மடல் உள்நோக்கி இறுகுகிறது. அந்த அசைவு கீழே கடத்தப்பட்டு, துளையின் நடுவில் லியூசின் வளையத்தால் ஆன கதவு விரிகிறது. ஸ்ட்ரிக்னைன் உருவில் பெரியது; அது அமர்ந்தால் மடல் வெளியே தள்ளப்பட்டு, கதவு மூடிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. எட்டி நஞ்சால் பாதிக்கப்பட்டவரின் உடல் முழுவதும் விறைத்து வளைவதற்கு, எதிரெதிர்த் தசைகளை மாறி மாறித் தளர்த்தும் இந்த ஏற்பிகள் செயலிழப்பதே காரணம். நஞ்சின் பிடி முக்கியமாகத் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் விழுவதால், அந்த வேதனை முழுவதையும் அவர் சுயநினைவோடு அனுபவிக்கிறார்.

ரண ஜன்னி நோயில் காணும் விறைப்பும் ஏறக்குறைய இதே போன்றது. ஆனால் அங்கே ஏற்பிக்கு எந்தக் கேடும் இல்லை. நோய்க்கிருமியின் நச்சு, தசையில் முடியும் இயக்க நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பிழை வழியே தண்டுவடத்துக்கு ஏறி, அங்கிருந்து அடக்கும் இடைநியூரானுக்குள் தாவுகிறது. கிளைசீனும் காபாவும் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு இணைவதற்குத் தேவையான சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை அது வெட்டிவிடுகிறது. கால்வாய்கள் காத்திருக்கின்றன, திறப்பதற்குரிய பொருள் வந்து சேர்வதில்லை.

வளர்ந்த தண்டுவடத்தின் கிளைசீன் ஏற்பி, ஆல்ஃபா 1, பீட்டா என்ற இரு வகைத் துணையலகுகளின் கூட்டு. ஐந்தில் எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா என்பது நெடுங்கால விவாதம். நான்கு ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும் என்று 2021இல் வெளிவந்த கட்டமைப்பு ஆய்வுகள் காட்டின. அவற்றில் ஒன்று பன்றியின் தண்டுவடத்திலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் எடுத்த இயற்கையான ஏற்பிகளையே பயன்படுத்தியது. ஆல்ஃபா 1 மட்டும் ஐந்து சேர்ந்தாலும் கால்வாய் உருவாகும்; ஆனால் அதன் கடத்துதிறன் 86 பிகோசீமென்ஸ். பீட்டா சேர்ந்தால் 44 ஆகிவிடும். நியூரான்களில் காணும் 46க்கு அது நெருங்கி இருப்பதும் இயற்கை ஏற்பி கலப்பு வகை என்பதற்குச் சான்றானது. பீட்டாவின் இன்னொரு பணி, கெஃபிரினைப் பற்றிக்கொள்வது. ஏற்பிகள் சவ்வில் நிலையாக நடப்பட்டவை அல்ல. அவை பக்கவாட்டில் அலைந்துகொண்டே இருக்கின்றன. இணைப்பிடத்துக்கு அடியில் வலைபோல் பரவியிருக்கும் கெஃபிரினிடம் வரும்போது சற்று நேரம் தங்கி, பிறகு விலகிப்போகின்றன.

காபா ஏற்பி இன்னும் அதிக வகைகள் கொண்டது. பெரும்பாலும் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா, ஒரு காமா சேர்ந்தது. இங்கே நான் பேசுவது காபா-ஏ ஏற்பியைப் பற்றி மட்டுமே. பேக்லோஃபென் மருந்து செயல்படும் காபா-பி ஏற்பி கால்வாயே அல்ல. கிளைசீனால் எழும் அடக்கு மின்னோட்டம் பொதுவாகச் சில மில்லிவினாடிகளில் தணிந்துவிடும். காபாவால் எழுவது இழுத்து நீடிக்கும். இரண்டு வேதிப்பொருள்களையும் நுண்பைக்குள் ஏற்றும் கடத்திப் புரதம் ஒன்றே என்பதால், ஒரே நுண்பையிலிருந்து இரண்டும் சேர்ந்து வெளியாவதுண்டு. தண்டுவட இயக்க நியூரான்களில் இதை 1998இல் ஜோனாஸ் குழு காட்டியது. விரைவான தொடக்கமும் நீண்ட வாலும் கொண்ட ஒரே அலையாக அது பதிவாகும்.

மரபுக் கோளாறு இந்த ஏற்பியைத் தாக்கினால் என்ன ஆகும் என்பதை ஹைப்பர்எக்பிளெக்சியா என்ற அரிய நோய் காட்டுகிறது. பிறந்த குழந்தை விறைப்பாக இருக்கும்; கதவு சாத்தும் ஓசையோ மூக்கின் நுனியில் இலேசான தட்டலோ போதும், உடல் முழுவதும் திடுக்கிட்டு இறுகும். இறுக்கம் நீடித்தால் மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு; அப்போது குழந்தையின் தலையையும் கால்களையும் உடலை நோக்கி மடக்கினால் இறுக்கம் விடுபடும் என்பதைப் பெற்றோருக்குக் கற்றுத்தருவார்கள். 1993இல் இதற்கான முதல் மரபணு மாற்றம் ஆல்ஃபா 1 துணையலகின் 271ஆம் இடத்தில் கண்டறியப்பட்டது. அங்கே இருக்க வேண்டிய ஆர்ஜினின், துளையின் வெளிவாயில் நின்று எதிர்மின் அயனிகளை ஈர்ப்பது. அது மாறியதால் கிளைசீனுக்கு ஏற்பி காட்டும் உணர்திறனும் கால்வாயின் கடத்துதிறனும் இரண்டும் குறைந்தன. சிகிச்சைக்குத் தரப்படும் குளோனசெபாம், பழுதான கிளைசீன் ஏற்பியைத் தொடுவதே இல்லை. அது காபா-ஏ ஏற்பியில் ஆல்ஃபாவும் காமாவும் சந்திக்கும் இடத்தில் அமர்ந்து, காபாவின் பணியை வலுப்படுத்துகிறது. இரு கால்வாய்களும் ஒரே அயனியை, பல இடங்களில் ஒரே நியூரானில் கையாள்வதால்தான் ஒன்றின் குறையை மற்றொன்றால் ஓரளவு ஈடுகட்ட முடிகிறது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருவோம். உள்ளே குளோரைடு குறைவாக இருப்பது தானாக நிகழ்வதில்லை. கேசிசி2 என்ற கடத்திப் புரதம், பொட்டாசியம் வெளியேறும் விசையைப் பயன்படுத்தி, அதனோடு குளோரைடையும் ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. என்கேசிசி1 என்ற இன்னொரு புரதம் குளோரைடை உள்ளே ஏற்றுகிறது. கருவில் வளரும் நியூரான்களில் இரண்டாவதே மேலோங்கி இருப்பதால் உள்ளே குளோரைடு அதிகம். அங்கே கிளைசீனும் காபாவும் சவ்வைத் தூண்டும் திசையில் நகர்த்துகின்றன. அந்தச் சிறு தூண்டல்கள் கால்சியத்தை உள்ளே வரச் செய்து, வளர்ச்சிக்கே உதவுகின்றன. கேசிசி2 பெருகிய பிறகுதான் அதே கால்வாய்கள் அடக்கத் தொடங்குகின்றன.

வளர்ந்த பின்னும் இந்த மாற்றம் நிகழாத இடம் ஒன்று உண்டு. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் தண்டுவடத்துக்குள் வரும் உணர்வு நரம்பிழைகளில் என்கேசிசி1 தொடர்ந்து இயங்குவதால் குளோரைடு அதிகமாகவே இருக்கிறது. அவற்றின் முனைகளில் காபா பட்டால் மின்னழுத்தம் மேலே ஏறும். ஆனாலும் வழக்கமான விளக்கத்தின்படி அதன் பயன் அடக்குதலே: கசிவினாலும், சோடியம் கால்வாய்களின் ஒரு பகுதி செயலிழப்பதாலும், முனைக்கு வந்து சேரும் செயல் மின்னழுத்தம் குறுகி, சுரப்பு குறைகிறது. நரம்பிழை கிளைக்கும் இடங்களில் உள்ள காபா ஏற்பிகள், செயல் மின்னழுத்தம் வழியில் தடைபட்டுப் போகாமல் காத்து, கடத்தலுக்கு உதவுகின்றன என்று 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று வாதிட்டது. இரண்டும் ஒரே நரம்பிழையின் வெவ்வேறு இடங்களில் உண்மையாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

காயத்துக்குப் பின் இந்தச் சமநிலை குலைவதுதான் மருத்துவ நோக்கில் மிகவும் முக்கியம். புற நரம்பு சேதமடைந்த எலிகளில், பின்கொம்பின் மேலடுக்கு நியூரான்களில் கேசிசி2 குறைந்து, காபாவின் அடக்கும் வலிமை சரிவதை 2003இல் கூல் குழு காட்டியது. சாதாரணத் தொடுதலே வலியாக உணரப்படும் நிலைக்கு இது ஒரு காரணம். தண்டுவடம் வெட்டுண்ட எலிகளில், வெட்டுக்குக் கீழே உள்ள இயக்க நியூரான்களில் கேசிசி2 குறைவதை 2010இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு காட்டியது. தசைகள் விறைத்துத் துடிக்கும் நிலையோடு அது தொடர்புடையது. குளோனசெபாமைப் போலவே காபா-ஏ ஏற்பியில் செயல்படும் டயசெபாம் போன்ற மருந்துகளின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. அவை கால்வாயின் திறப்பைக் கூட்டுகின்றன. உள்ளும் வெளியும் குளோரைடின் செறிவு வேறுபாடே குறைந்துவிட்ட நியூரானில் திறப்பைக் கூட்டினால் கசிவினால் கிடைக்கும் பயன் மட்டுமே மிஞ்சும். கேசிசி2இன் செயலை மீட்டெடுக்கும் மருந்துகளைத் தேடுவது அதனால்தான்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்தத் துறை ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது, பிப்பெட்டுக்குள் எந்தக் கரைசலை நிரப்பினார்கள் என்பதை முதலில் பாருங்கள். மின்னோட்டத்தைப் பெரிதாகக் காண்பதற்காகப் பலர் குளோரைடு மிகுந்த கரைசலை நிரப்புவார்கள். அது நியூரானுக்குள் பரவி, 1955இல் கான்பெராவில் வேண்டுமென்றே செய்ததைத் தற்செயலாகச் செய்துவிடும். படத்தில் அடக்கும் அலை தூண்டும் திசையில் தெரிந்தால், அதை நியூரானின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிருள்ள நியூரானின் உண்மையான குளோரைடு நிலையை அறிய விரும்புபவர்கள் பிப்பெட்டில் கிராமிசிடின் சேர்ப்பார்கள். அது சவ்வில் இடும் துளைகள் ஒற்றை நேர்மின் அயனிகளை மட்டுமே விடுவதால், உள்ளிருக்கும் குளோரைடு கலையாமல் அப்படியே இருக்கும்.